சுத்துங்க பாஸ்... ஆனா மெதுவா!

ஒரு சின்ன விடுகதை. பழைய பாம்பன் பாலத்துக்கும் உங்க அப்பாவோட பழைய கேமராவுக்கும் என்ன ஒற்றுமை?

ரெண்டையும் கையாலதான் சுத்தணும்!

நிஜமாத்தான். 1914-ல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தின் நடுவே ஒரு தூக்குப் பகுதி உண்டு. கப்பல் வரும்போது ஊழியர்கள் இரண்டு பக்கமும் நின்று கைப்பிடியைப் பிடித்துச் சுற்றச் சுற்ற, பாலம் இரண்டாகப் பிரிந்து வானத்தைப் பார்த்து எழும்பும். மோட்டார் எல்லாம் கிடையாது. எல்லாம் மனுஷன் கை பலம். அந்தப் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. பக்கத்திலேயே 2025 ஏப்ரல் 6-ம் தேதி புதுப் பாலம் திறந்தாச்சு. அதில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி, மின்சார மோட்டாரில் லிஃப்ட் மாதிரி நேராக மேலே போகிறது.

பாலம் ரிட்டயர் ஆயிடுச்சு. ஆனால், கையால் சுற்றும் கேமரா மட்டும் ரிட்டயர் ஆக மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது! விஸ்காம் பசங்க தாத்தா பெட்டியில் இருந்த பென்டாக்ஸைத் தேடி எடுக்கிறார்கள். தனுஷ்கோடிக்கு டூர் போகும் கும்பலில் ஒருத்தராவது கழுத்தில் பிலிம் கேமரா மாட்டியிருக்கிறார். படம் எடுக்கும்வரை எல்லாம் ஜாலிதான். 36-வது படம் முடிந்ததும் ஆரம்பிக்கும் பாருங்க... அதுதான் இந்தக் கட்டுரை.

அஞ்சேகால் அடி டென்ஷன்

செல்போனில் படம் எடுத்தால், எடுத்த நொடியில் படம் உங்களுடையது. பிலிம் கேமராவில் அப்படி இல்லை. 36 படமும் எடுத்து முடித்த நிமிஷத்தில், அத்தனையும் டப்பாவுக்கு வெளியே, கேமராவின் வலது பக்கச் சுருளில் சுற்றிக்கொண்டு இருக்கும். அந்த நேரத்தில் பின்மூடி திறந்தால் வெளிச்சம் பட்டு எல்லாம் காலி! அதனால், மொத்த பிலிமையும் வந்த வழியே திரும்ப டப்பாவுக்குள் சுருட்டி அனுப்ப வேண்டும். இதுதான் ரீவைண்ட்.

36 படம் பிடிக்கும் ஒரு ரோலின் நீளம் சுமார் 1.6 மீட்டர். அஞ்சேகால் அடி. கேமராவின் அடியில் இருக்கும் குட்டிப் பொத்தானை அமுக்கிவிட்டு, இடது பக்கம் மேலே மடிந்திருக்கும் கைப்பிடியை நிமிர்த்தி, அம்புக்குறி காட்டும் திசையில் சுற்ற வேண்டும். ஏறத்தாழ முப்பது சுற்று. கைப்பிடியோ நம் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. கிணற்றில் தண்ணி இறைக்கிற வேலையை, குண்டூசியைப் பிடித்துக்கொண்டு செய்கிற மாதிரி இருக்கும்!

இதில் எரிச்சலான விஷயம் என்ன தெரியுமா? போட்டோ எடுப்பதில் மற்ற ஒவ்வொரு வேலையும் படத்துக்கு ஏதாவது ஒன்றைக் கொடுக்கும். ஃபோகஸ் பண்ணினால் படம் தெளிவாகும். வெளிச்சத்தைக் கணக்குப் பார்த்தால் படம் அழகாகும். ரீவைண்ட் மட்டும்தான் படத்துக்கு எதையும் கொடுக்காது. ஆனால், தப்பாகச் செய்தால் 36-ஐயும் மொத்தமாகப் பிடுங்கிக்கொள்ளும். லாபமே இல்லாத, நஷ்டம் மட்டுமே உள்ள வியாபாரம்!

தாத்தாவுக்கு இந்தத் தொல்லை இல்லை

எல்லா கேமராவுக்கும் இந்தத் தலைவலி இருந்ததா என்றால், இல்லை. நம் வீடுகளில் ஒரு காலத்தில் செல்லப்பிள்ளையாக இருந்த ஆக்ஃபா கிளிக் த்ரீ கேமராவில் ரீவைண்டே கிடையாது. அதில் போடும் 120 ரோல் பிலிமுக்குப் பின்னால் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். படம் எடுக்க எடுக்க, பிலிம் ஒரு சுருளில் இருந்து இன்னொரு சுருளுக்குப் போகும். 12 படம் முடிந்ததும் காகிதமே மேலே சுற்றிக்கொண்டு பாதுகாப்பு கொடுக்கும். அப்படியே எடுத்து ஸ்டூடியோவில் கொடுத்துவிடலாம். தாத்தா பிழைத்தார்!

தொல்லையைக் கொண்டுவந்தது சினிமா. ஜெர்மனியில் லைட்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஆஸ்கர் பர்னாக், சினிமாவுக்குப் பயன்படும் 35 மில்லிமீட்டர் பிலிமைச் சின்ன கேமராவுக்குள் புகுத்தினார். அதுதான் 1925-ல் விற்பனைக்கு வந்த லைக்கா. சினிமா பிலிமில் பின் காகிதம் இல்லை. ஓரத்தில் வரிசையாக ஓட்டைகள்தான். 1934-ல் கோடக் நிறுவனம், வெளிச்சத்திலேயே கேமராவில் போடக்கூடிய ரெடிமேட் டப்பாவைக் கொண்டுவந்தது. இன்றைக்கும் நாம் வாங்குகிற ரோல் அதே டப்பாதான். வாயில் கறுப்பு வெல்வெட் துணி ஒட்டி, வெளிச்சம் உள்ளே போகாமல் தடுத்திருப்பார்கள். பிலிம் வெளியே வரும், வேலை முடிந்ததும் அதே வாசல் வழியாக வீடு திரும்ப வேண்டும். ஒரே வாசல் வீடு!

நம் ஊட்டியிலேயே இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற அரசு நிறுவனம் 'இந்து' என்ற பெயரில் பிலிம் தயாரித்தது. ஆலை மூடிவிட்டார்கள். ஆனால், அந்தப் பெயர் போட்ட டப்பாவை இன்றைக்கும் பழைய ஸ்டூடியோக்காரர்கள் சாவி, பொத்தான் போட்டு வைத்திருப்பதைப் பார்க்கலாம்.

சொதப்பல் டாப் 4

கையால் சுற்றும் கேமராவில் ரோல் பாழாவதற்கு நான்கு ராஜபாட்டைகள் உண்டு.

ஒன்று, பேராசை. 36 ரோலில் சில சமயம் 37, ஏன் 38-கூட வரும். 'இன்னும் ஒண்ணு வரும்டா மச்சி' என்று லீவரைப் பலம்கொண்ட மட்டும் இழுப்போம். பிலிமின் கடைசி முனை டப்பாவுக்குள் இருக்கும் அச்சில் டேப் போட்டுத்தான் ஒட்டியிருக்கும். 'டப்' என்று அது பிய்ந்தால், அப்புறம் நீங்கள் எத்தனை சுற்று சுற்றினாலும் வெறும் அச்சுதான் சுற்றும். பிலிம் வெளியிலேயே உட்கார்ந்திருக்கும்.

இரண்டு, மறதி. அடியில் இருக்கும் பொத்தானை அமுக்காமல் கைப்பிடியைத் திருகுவது. பிலிமின் ஓட்டைகளைப் பல்சக்கரம் கெட்டியாகப் பிடித்திருக்கும். ஒரு படத்துக்கு ஒரு பக்கம் எட்டு ஓட்டை. நாம் இந்தப் பக்கம் இழுக்க, பல்சக்கரம் விடமாட்டேன் என்க, நடுவில் ஓட்டைகள் கிழிந்து தொங்கும்.

மூன்று, அவசரம். கை வலிக்கிறதே என்று பாதியில் 'முடிஞ்சிருக்கும்' என்று மூடியைத் திறப்பது. இதில் ஒரு சின்ன ஆறுதல் உண்டு. டப்பாவுக்குள் போனவரை பத்திரம். வெளியே இருப்பதிலும் மேல் சுற்றுகள்தான் முதலில் பலியாகும். சட்டென்று மூடிவிட்டால் உள் சுற்றுகளில் சில படங்கள் பிழைக்க வாய்ப்பு உண்டு. அதனால் திறந்துவிட்டால், 'ஐயய்யோ' என்று கத்துவதற்கு முன்னால் மூடியை மூடுங்கள். கத்துவது அப்புறம்!

நான்கு, இதுதான் கொடுமை. ரோல் போடும்போதே பிலிமின் நுனி வலது பக்கச் சுருளில் மாட்டாமல் நழுவியிருக்கும். லீவர் நகரும், நம்பர் ஓடும், 'க்ளிக்' சத்தம் கேட்கும். பிலிம் மட்டும் டப்பாவை விட்டு நகர்ந்தே இருக்காது. ராமநாதசுவாமி கோயில் கோபுரம், அக்னி தீர்த்தம், ஃப்ரெண்ட்ஸ் குரூப் போட்டோ எல்லாம் மொத்தமாகப் பூஜ்யம்! ரீவைண்ட் பண்ணும்போது ரெண்டே சுற்றில் கைப்பிடி லேசாகிவிட்டால், விஷயம் விளங்கிவிடும். விளங்கி என்ன பிரயோஜனம்?

இதற்கு வைத்தியம் சுலபம். ரோல் போட்டதும் கைப்பிடியைக் கொஞ்சம் திருப்பி பிலிமை இறுக்கிவிடுங்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை வலது பக்கம் லீவரை இழுக்கும்போதும், இடது பக்கம் கைப்பிடி தானாகச் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றினால் பிலிம் ஓடுகிறது. சுற்றாவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

மணல் மாமா வர்றார்!

மேலே சொன்னதெல்லாம் மதுரையிலும் நடக்கும், மாயவரத்திலும் நடக்கும். ராமநாதபுரம் கடற்கரைக்கு என்று தனியாக ஒரு வில்லன் உண்டு. மணல்.

2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்துவிட்டது. அதற்கு முன்னால், முகுந்தராயர் சத்திரத்தில் இறங்கி, அங்கிருந்து வேனில் மணலிலும் கடல் தண்ணியிலும் குலுங்கிக் குலுங்கித்தான் தனுஷ்கோடிக்குப் போக முடியும். 1964 டிசம்பர் புயலில் சிதைந்த சர்ச், ரயில் நிலையச் சுவர், இந்தப் பக்கம் ஆண் கடல், அந்தப் பக்கம் பெண் கடல்... எந்தப் பக்கம் திரும்பினாலும் ஃப்ரேம்தான். ரோல் சீக்கிரம் தீரும். மாற்றுவதற்கு ஒதுங்க நிழல் இருக்காது. காற்று மட்டும் நிற்கவே நிற்காது.

ரோல் மாற்ற மூடியைத் திறக்கும் அந்த நேரத்தில் ஒரே ஒரு மணல் துகள் பறந்து வந்து, டப்பா வாயில் இருக்கும் வெல்வெட்டில் ஒட்டினால் போதும். பிலிம் வெளியே வரும்போது ஒரு கீறல். ரீவைண்டில் உள்ளே போகும்போது இன்னொரு கீறல். முதல் படத்தில் இருந்து கடைசிப் படம் வரை, ஒரே நேர்கோடு! பிரிண்ட் போட்டுப் பார்த்தால் தனுஷ்கோடி வானத்தில் கரண்ட் கம்பி போன மாதிரி இருக்கும். அங்கே ஏது கம்பி?

அடுத்த வில்லன், ஈரக் கை. கடலில் கால் நனைத்துவிட்டு, உப்பு பிசுபிசுப்போடு அந்தக் குட்டிக் கைப்பிடியைப் பிடித்தால் வழுக்கும். வழுக்கினால் எரிச்சல். எரிச்சலில் வேகமாகச் சுற்றத் தோன்றும். வேகமாகச் சுற்றுவதும் ஆபத்துதான். வறண்ட காற்றில் சர்சர்ரென்று சுற்றினால், பிலிமில் நிலைமின்சாரம் உண்டாகிக் குட்டி மின்னல் மாதிரி கோடு விழும். நம் கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் அந்த பயம் குறைவு. ஆனால் ஏ.சி. ரூமுக்குள் போய்ச் சுற்றினால் உத்தரவாதம் இல்லை.

அதனால் கடற்கரையில் ரோல் மாற்றுவதாக இருந்தால், வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு மாற்றுங்கள். வண்டி இல்லையா? காற்றுக்கு முதுகைக் காட்டி, துண்டையோ துப்பட்டாவையோ மூடிக்கொண்டு உட்காருங்கள். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், நெகட்டிவ் அழக்கூடாது!

தாலி கட்டும் நேரத்தில்...

இந்த எரிச்சலைத் தொழிலாகவே அனுபவித்தவர்கள் கல்யாண போட்டோகிராபர்கள். மேடையில் ஐயர் 'கெட்டி மேளம்' சொல்கிறார். இங்கே லீவர் நகர மாட்டேன் என்கிறது. ரோல் முடிந்துவிட்டது! ரீவைண்ட் பண்ணி, மூடி திறந்து, புது ரோல் மாட்டி நிமிரும்போது மாப்பிள்ளை மூன்று முடிச்சும் போட்டு முடித்திருப்பார். 'இன்னொரு தடவை தாலி கட்டுங்க மாப்ளே' என்று கேட்க முடியுமா?

அதனால்தான் அனுபவசாலிகள் முகூர்த்தத்துக்குக் கொஞ்ச நேரம் முன்பே, ரோலில் நாலைந்து படம் மிச்சமிருந்தாலும் சுற்றி எடுத்துவிட்டுப் புது ரோல் மாட்டிவிடுவார்கள். வசதி இருந்தால் தோளில் இரண்டு கேமரா. நாலு படம் நஷ்டம் என்று பார்த்தால், நாற்பது வருஷத்துக்கும் ஆல்பத்தில் ஒரு பக்கம் காலியாக இருக்கும்.

'மோட்டார் வந்த பிறகு இந்தக் கஷ்டம் தீர்ந்ததா?' என்று கேட்கலாம். பெருமளவு தீர்ந்தது. 1979-ல் வந்த கேனான் ஏஎஃப்35எம் மாதிரியான கேமராக்கள் ரோலைத் தானே சுற்றிக்கொண்டன. கடைசிப் படம் எடுத்ததும் 'கொர்ர்ர்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், வேலை முடிந்தது. ஃப்யூஜியின் பல மாடல்கள் இன்னும் ஒரு படி மேலே போய், ரோல் போட்டதுமே மொத்த பிலிமையும் வெளியே இழுத்துவிட்டு, ஒவ்வொரு படம் எடுக்கும்போதும் அதை டப்பாவுக்குள் அனுப்பின. நடுவில் யாராவது மூடியைத் திறந்தாலும், எடுத்த படங்கள் உள்ளே பத்திரம். கெட்டிக்காரத்தனம்!

ஆனாலும் நம் ஊரில் விலை குறைவான கோடக் கேபி10, விஸ்காம் வகுப்புகளுக்குப் பழக்கமான நிக்கான் எஃப்எம்10, 1976 முதல் 1997 வரை தயாரான பென்டாக்ஸ் கே1000 என்று பலவும் கைச்சுற்று ஜாதிதான். இதில் வேடிக்கை, 2024-ல் பென்டாக்ஸ் புத்தம்புதிதாக ஒரு பிலிம் கேமரா விட்டது. பெயர் பென்டாக்ஸ் 17. ஒரு ரோலில் பாதிப் பாதி ஃப்ரேமாக 72 படம். இந்தக் காலத்து கேமராவாச்சே, மோட்டார் இருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. லீவரும் கை, ரீவைண்டும் கை! வாங்குகிறவர்களுக்கு அந்தச் சுற்றுகிற சுகம் வேண்டுமாம். ஆக, தொல்லை புது அவதாரம் எடுத்து வந்துவிட்டது.

சுற்றாத ஒரு ரோல்

'ஒரு ரோல்தானே, போனால் போகட்டும்' என்று தோன்றலாம். கேமராவுக்குள் கிடக்கும் ரோலுக்கு எவ்வளவு மதிப்பு இருக்க முடியும் என்பதற்குத் தமிழ்நாடே சாட்சி. 1991 மே 21 இரவு, ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட குண்டுவெடிப்பில் ஹரிபாபு என்ற இளம் போட்டோகிராபரும் இறந்தார். அவருடைய சினான் கேமரா பிழைத்தது. உள்ளே பிலிம் இருந்தது. அதைக் கழுவியபோது கிடைத்த 10 படங்களில்தான், மாலையோடு நின்ற கொலையாளியின் முகம் முதன்முதலில் வெளிச்சத்துக்கு வந்தது. விசாரணையின் போக்கையே அந்தப் படங்கள் மாற்றின. அங்கே அந்தக் கேமராவை எடுத்த யாராவது, உள்ளே என்ன இருக்கிறது என்று சும்மா மூடியைத் திறந்திருந்தால்?

நம் வீட்டு ரோலில் அவ்வளவு பெரிய சரித்திரம் இருக்காது. ஆனால், நமக்கு வேண்டிய சரித்திரம் இருக்கும். 2007-ல் பாம்பன் பாலம் அகலப் பாதையாகத் திறக்கப்படும் முன்பு, அதில் மீட்டர் கேஜ் ரயில் போனது. அந்த ரயிலின் ஜன்னல் வழியாக அப்பா எடுத்த படத்தை இனி யாராலும் எடுக்க முடியாது. தனுஷ்கோடியில் அம்மா சாய்ந்து நின்ற சுவர், இன்றைக்கு அதே உயரத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. கடல் காற்று வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கிறது.

அந்தப் படங்கள் எல்லாம் ஆல்பத்தில்தான் இருக்கின்றன என்று நினைக்காதீர்கள். சில படங்கள் இன்னும் கேமராவுக்குள்ளேயே இருக்கலாம்! டூர் போனபோது 28 படம் எடுத்திருப்பார்கள். 'மீதி எட்டையும் எடுத்துட்டுக் கழுவலாம்' என்று வைத்திருப்பார்கள். அதற்குள் டிஜிட்டல் கேமரா வந்திருக்கும், பின்னாலேயே செல்போன் வந்திருக்கும். மீதி எட்டு எடுக்கப்படவே இல்லை. ரோல் பாதியில் அப்படியே தூங்குகிறது, பீரோவில், பழைய பட்டுப் புடவைக்கு அடியில்.

மூடியைத் தொடும் முன்...

பழைய கேமரா கையில் கிடைத்ததும் நாம் எல்லாரும் செய்யும் முதல் வேலை, 'படக்'கென்று பின்மூடியைத் திறப்பது. அதைச் செய்யாதீர்கள். முதலில் இதைச் செய்யுங்கள்.

பின்மூடியில் சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், உள்ளே டப்பா தெரியும்.

ஜன்னல் இல்லையா? அடிப்பொத்தானை அமுக்காமல், ரீவைண்ட் கைப்பிடியை அம்புக்குறித் திசையில் லேசாக, ரொம்ப லேசாகத் திருப்புங்கள். இறுகினால், உள்ளே பிலிம் இருக்கிறது. நிறுத்துங்கள். இப்போது அடிப்பொத்தானை அமுக்கி, மெதுவாகச் சுற்றுங்கள். பல வருஷம் சுருண்டு கிடந்த பிலிம் விறைப்பாக இருக்கும், அவசரப்பட்டால் கிழியும். சுற்றிக்கொண்டே வரும்போது ஓர் இடத்தில் திடீரென்று பிடி விட்டுக் கைப்பிடி லேசாகும். பிலிமின் நுனி வலது பக்கச் சுருளை விட்டு வந்துவிட்டது என்று அர்த்தம். இன்னும் ரெண்டு மூன்று சுற்று. முழுவதும் டப்பாவுக்குள் போகட்டும். நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், யாராவது புது ரோல் என்று நினைத்து மறுபடி கேமராவில் போட்டு, படத்தின் மேல் படம் எடுத்துவிடுவார்கள்.

திருப்பும்போது இறுகவே இல்லை, சும்மா சுற்றுகிறது என்றால்? உள்ளே ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். அல்லது, அன்றைக்கு யாரோ 37-வது படத்துக்கு ஆசைப்பட்டு பிலிமைப் பிய்த்திருக்கலாம்! அதனால் எப்படியும் மூடியை இருட்டில் திறப்பதே நல்லது. ஸ்டூடியோக்களில் கையை மட்டும் உள்ளே விட்டு வேலை பார்க்கும் கறுப்புப் பை இருந்தால் உத்தமம். இல்லாவிட்டால், ராத்திரி ஜன்னல் எல்லாம் சாத்தி, லைட்டை அணைத்து, கனமான போர்வைக்குள் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். சினிமாவில் பார்த்த ஞாபகத்தில் சிவப்பு லைட் போடாதீர்கள். அது பிரிண்ட் போடும் பேப்பருக்குத்தான். கலர் பிலிமுக்குச் சிவப்பு வெளிச்சமும் எமன்தான்.

மோட்டார் கேமராவாக இருந்தால், புது பேட்டரி போடுங்கள். அடியிலோ பக்கத்திலோ பேனா முனையால் அமுக்குகிற மாதிரி ஒரு குட்டிப் பள்ளமான பொத்தான் இருக்கும். அமுக்கினால் பாதி ரோலையும் அதுவே சுற்றிக்கொள்ளும்.

அப்புறம், லேபில் கொடுக்கும்போது 'இது இத்தனை வருஷத்துப் பழைய ரோல்' என்று சொல்லிக் கொடுங்கள். டப்பா மேல் 'சி-41' என்று இருந்தால், அது சாதாரண கலர் நெகட்டிவ். இன்றைக்கும் கழுவித் தரும் லேப்கள் இருக்கின்றன. நிறம் கொஞ்சம் வெளுத்திருக்கலாம், புள்ளி புள்ளியாக இருக்கலாம். கறுப்பு வெள்ளை ரோல் பொதுவாக இன்னும் தெம்பாகத் தாக்குப்பிடிக்கும்.

ஒரு கலர் ரோல் வாங்கி, கழுவி, ஸ்கேன் செய்ய இன்றைக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. அதனால் புது ரோலை எல்லாரும் பத்திரமாகத்தான் சுற்றுவோம். பீரோவில் கிடக்கும் பழைய ரோலுக்குத்தான் விலையே கிடையாது. இந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போகிறீர்களா? அம்மாவிடம் அந்தக் கேமராவைக் கேட்டு வாங்குங்கள். முப்பதே சுற்று. கை கொஞ்சம் வலிக்கும், பரவாயில்லை பாஸ்!